குடிபெயர்ந்த குடும்பமும் காப்பீட்டு அட்டையும்

தறியையும் ஏரையும் நம்பியுள்ள குடும்பங்கள் என்றும் ஓரிடத்திலேயே நிலைத்திருப்பதில்லை. காஞ்சிபுரத்து நெசவாளர் விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டுத்தறி போட வரலாம். புதுவைப் பக்கத்து உழவர் திண்டிவனத்தில் மணிலா பயிரிடக் குத்தகை நிலம் பிடிக்கலாம். புதிய ஊரில் முதலில் வீடு தேடுகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறோம். நோய்க்கான காப்பை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஓர் அறுவைச் சிகிச்சைக்காகத் தறி அடகு போவதும் நிலம் கைமாறுவதும் நாம் கேள்விப்படாத செய்திகளா?

1883-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி தொழிலாளருக்கென நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளருக்குத் துணையாயிற்று. ஆனால் வீட்டில் தறி போட்டு நெய்வோருக்கும் உழவருக்கும் அது எட்டவில்லை. அக்குறையைப் போக்கத் தமிழ்நாட்டில் 2009-இல் அரசுக் காப்பீடு தொடங்கப்பெற்றது. 2012 ஜனவரி முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கட்டணத்தை அரசாங்கமே செலுத்துகிறது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022 முதல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

இனி, குடிபெயர்ந்தோர் செய்யவேண்டுவது யாது? தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர் முன்பே அட்டை பெற்றிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை மாநிலத்தில் எங்கிருந்தாலும் அது செல்லும். ஆயினும் குடும்ப அட்டையில் புது முகவரியை எழுதிக்கொள்க. வீட்டுக்கு வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் அதில் ஏறியுள்ளனவா என்று பார்க்க. குடும்ப அட்டையில் இல்லாத பெயர் காப்பீட்டிலும் இராது.

இதுவரை சேராதவர் குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தை அணுகவேண்டும். திண்டிவனத்தாருக்கும் அது விழுப்புரத்திலேயே உள்ளது. ஆகவே, தாள்களைச் சரிபார்த்துக்கொண்டு புறப்படுவது ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தும்.

புதுவையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தவரின் நிலை வேறு. அவ்விடத்துக் குடும்ப அட்டையைக் காட்டி இங்குப் பதிய இயலாது. நிலையாகத் தங்க எண்ணுவோர் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிச் சான்று பெற்று, இங்குப் புதிய குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிழைப்புக்காக வந்து 6 மாதங்களுக்கு மேல் இங்கு வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளர், தொழிலாளர் துறையின் பரிந்துரையுடன் சேரவும் வழியுண்டு.

ஒன்றை மறத்தலாகாது. இத்திட்டம் ரொக்கம் தருவதன்று. பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் வைத்தியம் பெற உதவுவது. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவற்றுள் ஒன்று. சாதாரணக் காய்ச்சலுக்கு வெளியில் வாங்கும் மருந்துச் செலவு இதில் அடங்காது.

நம் சங்கங்களுக்கும் இதில் கடமையுண்டு. புதிய அங்கத்தினரைப் பங்குத்தொகை பெற்றுச் சேர்க்கும் அன்றே, "காப்பீட்டு அட்டை உண்டா?" என்று காரியதரிசி கேட்கட்டும். இல்லையெனில் நெய்த கூலிக்கும் விற்ற விளைபொருளுக்கும் கணக்கு எழுதிக் கொடுத்து, வருமானச் சான்று பெற உதவட்டும். எழுத்தறியாதவருக்கு விண்ணப்பம் எழுத ஒருவரைத் துணையனுப்பட்டும். வீடு பற்றிக்கொண்டபின் கிணறு வெட்டப் புகுவதினும், ஊர் மாறிய மாதத்திலேயே இவ்வேலையை முடிப்பது எளிது. அங்கத்தினர்கள் இந்த வாரமே தத்தம் குடும்ப அட்டையை எடுத்துப் பார்ப்பார்களாக.