உராய்வின் நிலையாமையும் தேய்மானமும்

எண்ணெய் வற்றிய கிணற்று இராட்டினம் கீச்சிடுவதேன்? உராய்வு மிகுந்துவிட்டது என்பதே வழக்கமான விடை. அது பாதி விடையேயாகும். உராய்வு மிகுதியாயினும், வேகத்தோடு மாறாமலிருப்பின் பொருள் பெரும்பாலும் சீராகவே நழுவும். வேகம் கூடக்கூட உராய்வு குறையும் நிலையிலேதான் தொல்லை தொடங்குகிறது.

எண்ணெயிட்ட பேரிங்குகளில் இத்தகைய நிலை உண்டென்பதை ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் அளந்து காட்டினார். வேகம் ஏறுகையில் உராய்வு முதலில் இறங்கி, ஒரு தாழ்நிலையை எட்டியபின் மீண்டும் ஏறுகிறது. அந்த இறக்கத்தில் பொருள் சற்றே தயங்கினால் தடை மிகும். ஆகவே மேலும் தயங்கும். சற்றே விரைந்தால் தடை குறையும்; ஆகவே மேலும் விரையும். அதிர்வை அடக்கவேண்டிய உராய்வே அதனை ஊட்டி வளர்க்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு செங்கல்லை ரப்பர் வளையத்தால் மேஜைமீது மெல்ல இழுத்தால், அது நிற்பதும் துள்ளுவதுமாக நகரும். விரைவாக இழுத்தாலோ, வளையத்திற்குப் பதில் விறைப்பான கம்பியைக் கொண்டு இழுத்தாலோ துள்ளல் அடங்கக் காணலாம்.

நேரியல் சமன்பாட்டின்படி இவ்வதிர்வு முடிவின்றி வளரவேண்டும். உண்மையில் அவ்வாறு வளர்வதில்லை. ஒரு சுற்றில் பெறும் ஆற்றலும் இழக்கும் ஆற்றலும் சமமானதும் அதன் அளவு நிலைபெறுகிறது. இடப்பெயர்ச்சியையும் வேகத்தையும் இரு அச்சுகளில் குறித்தால், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வரும் பாதைகள் யாவும் ஒரே மூடிய வளைவில் சென்று சேரும். பிரெஞ்சுக் கணித மேதை பாயின்கரே 1880-களில் ஆராய்ந்த எல்லைச் சுழல் இதுவே.

களப் பணியாளர் கவனிக்கத்தக்கது வேறொன்று. பல அமைப்புகளில், வேகத்தைக் கூட்டும்போது அதிர்வு அடங்கும் எல்லையும், குறைக்கும்போது அதிர்வு தோன்றும் எல்லையும் ஒன்றல்ல. இடைப்பட்ட வேகத்தில் யந்திரம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கலாம். தற்செயலான ஓர் அடி அதனை நிலையான அதிர்வில் தள்ளிவிடலாம். சோதனையின்போது ஓசையில்லை என்பதை மட்டும் நம்பிச் சான்றளிப்பது சரியன்று.

அதிர்வு தன் சுவட்டைத் தேய்மானத்தில் பதிக்கிறது. தண்டவாளத்தின் தலையில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அலைமேடுகள் தோன்றுவதுண்டு. அவற்றின் இடைவெளி 5 சென்டிமீட்டராயின், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சக்கரம் வினாடிக்கு 400 அடிகளை வாங்குகிறது. சக்கரத்தின் பாரமும் நழுவலும் அதே தாளத்தில் ஏறியிறங்க, பள்ளங்கள் மேலும் ஆழமாகின்றன. ஆழ்ந்த பள்ளம் அதிர்வைப் பெருக்குகிறது. ஆதலின் மேடுகள் சிறியனவாக இருக்கும்போதே தண்டவாளத்தைச் சாணைபிடித்துச் சமப்படுத்துகின்றனர். எனினும் அதிர்வின் காரணம் நீங்காதவரை, சமப்படுத்திய இடத்திலும் அவை நாளடைவில் மீண்டும் தலைகாட்டும்.