பேரிடரில் ஒலிக்கும் குரல்

தொலைபேசி மணி ஒலிக்கிறது, எடுத்துப் பேசுகிறோம். இதில் அதிசயம் ஏதும் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. ஆனால் மின்சாரம் நின்று, கம்பிகள் அறுந்து, கோபுரங்கள் சாய்ந்த ஒரு நாளில் நம் குரலைச் சுமந்து செல்பவர் யார்? அவர்களே 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியினர் ஆவர்.

இவர்கள் ஊதியத்திற்காக உழைப்பவர் அல்லர். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக் குறியும் பெற்று, பொழுதுபோக்காக உலகோடு உரையாடுபவர்கள். ஆசிரியர், மருத்துவர், இல்லத்தரசியர், மாணவர் எனப் பலரும் இவர்களுள் உண்டு.

கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். ஹாம் கருவிக்கோ 12 வோல்ட் கார் பேட்டரியும், மாடியிலோ மரத்திலோ கட்டிய ஒரு கம்பியும் போதும். அதிலிருந்து புறப்படும் சிற்றலைகள் வானில் 100 கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, கடல் கடந்து தொலைவில் இறங்குகின்றன.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். காலை 6.30 மணியளவில் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பின் ஆழிப்பேரலை எழுந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொலைத்தொடர்பு பெரிதும் அறுந்தது. பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லாதிருந்த அத்தீவுகளில், அனுமதி பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணி குழுவினருடன் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். உலக நண்பர்களோடு உரையாடவே அவர் வந்திருந்தார். அன்று அப்பொழுதுபோக்கு தொண்டாக மாறியது. உற்றார் உயிரோடு இருக்கின்றனரா எனத் தவித்த குடும்பங்களுக்கு அவர்கள் செய்தி சேர்த்தனர். பின்னர் கார் நிக்கோபாரிலும் ஹாம் நிலையம் இயங்கியது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசினால் எவர் சொல்லும் விளங்காது. எனவே ஒருவர் தலைமை ஏற்று முறை வழங்க, மற்றவர் காத்திருக்க வேண்டும். செய்தியைச் சொல் மாறாமல் எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஓர் எழுத்துப் பிழையானால் ஒருவரின் பெயர் மாறும். உயிரோடு இருப்பவரைத் தேடி ஒரு தாய் அழுதுகொண்டே இருப்பாள்.

வகுப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதீர் என்று ஆசிரியை கூறினால் நாம் முகம் சுளிக்கிறோம். அந்த அமைதியே பேரிடர் நாளில் உயிர் காக்கும் பயிற்சி என்பதை இப்போது உணர்கிறோம்.

அன்புத் தோழியரே! நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர் இத்தேர்வை எழுதலாம். நமக்கோ வயது 15. பேசக் கற்ற நாம் பொறுமையாகக் கேட்கவும் கற்போம். ஆபத்தில் ஒரு குரல் அழைக்கும்போது, மறுமுனையில் விடையளிப்பவர் நம்முள் ஒருத்தியாக இருக்கட்டும்!