தோல்வியை எழுதிய தளபதி

யுத்த வரலாற்றைப் படிக்க எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று நேயர்கள் சிலர் கேட்பதுண்டு. சேர்ச்சிலின் பெயரைத்தான் நான் சொல்வேன் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தம் பற்றிய அவருடைய ஆறு பாகங்களும் படிக்கவேண்டியவையே. ஆனால் அவர் அதில் தமக்காக வாதாடும் சட்டத்தரணியாகவும் இருக்கிறார். படைத் தலைமை என்றால் என்னவென்று அறிய விரும்புவோருக்கு நான் சொல்வது வேறொரு நூல்: ஜெனரல் வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட ‘டிஃபீற் இன்ரு விக்ரறி’. தோல்வியிலிருந்து வெற்றிக்கு என்பது பொருள்.

1942 மார்ச்சில் ஸ்லிம் பர்மாப் படைப்பிரிவின் பொறுப்பை ஏற்றபோது ரங்கூன் ஏற்கெனவே வீழ்ந்திருந்தது. ஏறக்குறைய 900 மைல் பின்வாங்கி, மே மாத மழையில் நனைந்தபடி அவருடைய படை இந்திய எல்லையை அடைந்தது. அந்தத் தோல்வியை அவர் மூடி மறைக்கவில்லை. பழியைப் பிறர் தலையில் கட்டவுமில்லை. 1944இல் கொஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ற்றுக்கு மேல் அனுப்பமாட்டார்கள் என்று கணித்தார். வந்ததோ ஒரு முழு டிவிஷன். அந்தத் தப்புக் கணக்கு தம்முடையது என்று எழுதுகிறார். தளபதிகளின் நூல்களில் இப்படியொரு பக்கம் கிடைப்பது அரிது.

என்னை மிகவும் கவர்ந்தவை சண்டை நடக்காத பக்கங்கள். 1943இல் காயத்தால் ஒருவர் அப்புறப்படுத்தப்பட்டால், நோயால் 120 பேர் அப்புறப்படுத்தப்பட்டனர் என்று கணக்குத் தருகிறார். மலேரியாதான் முக்கிய எதிரி. நோயாளிகளை இந்தியாவுக்கு அனுப்பாமல், போர்முனைக்குச் சில மைல் பின்னால் வைத்தே வைத்தியம் செய்ய ஏற்பாடாயிற்று. மெபக்ரீன் மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடந்தது. நூற்றுக்கு 95 பேருக்குக் குறைந்தால் அதிகாரிக்குப் பதவி போகும். மூவரை நீக்கியதோடு மற்றவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பரசூட்டுக்குப் பட்டு கிடைக்காதபோது கல்கத்தாவில் சணலில் தைப்பித்தார். இருபது பவுண் பிடித்தது ஒரு பவுண் அளவில் முடிந்தது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானியத் தளபதி முதகுச்சி ஏறத்தாழ மூன்று வார உணவோடு மூன்று டிவிஷன்களை இம்பாலை நோக்கி மலையேற்றினார். கொஹிமாவில் பட்டினி கிடந்த தம் வீரர்களைக் கட்டளையை மீறிப் பின்னுக்கு அழைத்துச் சென்ற சாத்தோ பதவி இழந்தார்.

ஸ்லிம் வருமானத்துக்காக அன்ரனி மில்ஸ் என்ற புனைபெயரில் சிறுகதை எழுதியவர். நூலின் நடையில் அந்தப் பயிற்சி தெரிகிறது.

ஆயினும் அது ஒரு ஜெனரலின் கண். ஆகவே ஜோர்ஜ் மக்டொனால்ட் பிரேசர் 1992இல் எழுதிய நினைவுநூலையும் சேர்த்துப் படியுங்கள். ஸ்லிமின் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் அவர். அவருக்கு யுத்தம் என்பது பக்கத்தில் நடக்கும் பத்துப் பேர். அதே 1942இல், தமிழர் உட்பட இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். அவர்களில் பலர் நடந்தே சென்றனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ஸ்லிமின் பக்கங்களில் அவர்கள் வீதியோரத்தில் தோன்றி மறைகிறார்கள். படைகள் நகர்ந்த பாதையை வரைபடத்தில் தேடும்போது, அவர்கள் நடந்த வழிகளையும் நான் தேடிப் பார்ப்பதுண்டு.