வரைகலை அட்டையைக் கணினி அறியாமை: பழுது காணும் முறை

கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே வேரூன்றிவிட்டது. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்திலோ தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி, வரைகலை அட்டை ஆகியவற்றை வாங்கி வந்து, ஒரு திருப்புளியின் துணைகொண்டு ஒரே நாளில் கணினியைக் கட்டி முடிக்கின்றனர். அவ்வாறு முடித்தபின் எழும் குறைகளுள் ஒன்று, 'கிராபிக்ஸ் கார்டு உள்ளே இருக்கிறது. கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை' என்பதாகும்.

இக்குறை தோன்றியவுடன் பலர் செய்வன இரண்டு. ஒன்று, இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுதல். மற்றொன்று, அட்டை கெட்டுவிட்டது என முடிவுகட்டி வேறொன்று வாங்குதல். முன்னதால் சேமித்து வைத்த கோப்புகள் அழியக்கூடும். பின்னதால் பொருள் அழியும். வீட்டுக்கு ஒரே கணினி உள்ள குடும்பத்தில், பிள்ளைகளின் பள்ளிப் பணி முழுவதும் அதிலேயே இருக்குமாயின், இவ்விரு இழப்புகளும் சிறியன அல்ல. அவற்றுள் பெரும்பகுதி தேவையற்ற இழப்பு என்பதே வருந்தத்தக்கது. 'அறியவில்லை' என்னும் ஒரு சொல்லுக்குள் வேறுவேறான மூன்று நிலைகள் மறைந்துள்ளன. எந்நிலை என்று முதலில் தெளியாமல் கைவைப்பதே இழப்புக்குக் காரணம்.

கணினி எடுக்கும் வருகைப் பதிவு

மின்விசை தொட்டவுடன், இயங்குதளம் எழுவதற்கு முன்பே, தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் என்னும் அடிப்படைக் கட்டளைத் தொகுதி தன் செருகுவாய்களை ஒவ்வொன்றாக விளித்து, 'இங்கு இருப்பது யார்?' என வினவுகிறது. பாடம் தொடங்குமுன் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை இஃது ஒக்கும். இக்காலத் தாய்ப்பலகைகளில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு முறையில் ஒவ்வோர் உறுப்பும் இரண்டு எண்களால் விடையளிக்கும். முதல் எண் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். இரண்டாம் எண் அந்நிறுவனத்தின் பொருள்களுள் இன்னது என்று குறிக்கும்.

இவ்வெண்கள் பதினாறின் அடியில் எழுதப்படுவன; ஆதலால் பத்து முதல் பதினைந்து வரையிலான மதிப்புகளுக்கு எழுத்துகள் வழங்கும். என்விடியா நிறுவனத்தின் எண் 10டிஇ. ஏஎம்டி நிறுவனத்தின் வரைகலை அட்டைகளுக்கு 1002. இன்டெல் நிறுவனத்துக்கு 8086. இது 1978ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் ஆகும். செருகுவாயில் எவ்வுறுப்பும் இல்லையெனில் எப்எப்எப்எப் என்னும் எண்ணே திரும்பி வரும். அதுவே 'வரவில்லை' என்பதன் குறி.

ஈண்டு மனத்திற் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. இவ்விடைக்கு டிரைவர் எனப்படும் இயக்கி தேவையில்லை. இயக்கி என்பது இயங்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருள். அது நிறுவப்படாத கணினியிலும் அட்டை தன் இரண்டு எண்களையும் கூறும். ஆகவே அட்டை தன் எண்ணைக் கூறிற்றா, இல்லையா என்பதே முதல் வினா.

மூன்று நிலைகள்

வருகைப் பதிவில் மாணவன் பேர் சொல்லி அழைக்கப்படும்போது நேரக்கூடியவை மூன்று. மாணவன் வராமல் இருக்கலாம். வந்திருந்தும் ஆசிரியரின் மொழி அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். மொழி தெரிந்தும் உடல்நலக் குறைவால் பணி செய்ய இயலாமல் இருக்கலாம். அட்டைக்கும் இவையே நிலைகள்.

எந்நிலை என்பதை விண்டோஸ் இயங்குதளத்தில் டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியல் காட்டும். லினக்சில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை காட்டும். அட்டையின் சுவடே பட்டியலில் இல்லையெனில் அது வராத நிலை. 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்னும் பொதுப் பெயரோடோ, குறியெண் 28 என்னும் அறிவிப்போடோ தோன்றுமாயின் அட்டை வந்திருக்கிறது, மொழிபெயர்ப்பாளன் இல்லை. சரியான பெயரோடு தோன்றிக் குறியெண் 43 காட்டுமாயின், அட்டை தன்னிடம் குறையுள்ளதாகத் தெரிவித்ததால் இயங்குதளம் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. இக்குறி இயக்கியின் கோளாறாலும் வரும். அட்டையின் உண்மைப் பழுதாலும் வரும்.

நான்காவதாக, பழுதே இல்லாத நிலையும் ஒன்றுண்டு. செயலிக்குள்ளேயே வரைகலைத் திறன் அமைந்த கணினியில் திரையின் கம்பியை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகினால், படம் செயலியிலிருந்து வரும். அட்டை வேலையின்றி இருக்கும். அதனைக் கண்டு அட்டை அறியப்படவில்லை என்று மயங்குவோர் பலர். செயலிக்கு அத்திறன் இல்லையெனில் தாய்ப்பலகையின் வாயில் படமே வராது. இன்டெல் செயலிகளுள் 12400எப் போல 'எப்' என்னும் எழுத்தில் முடிவனவும், ஏஎம்டி ரைசன் 5600 போன்றனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. எனவே கணினியின் பெட்டியைத் திறக்குமுன் திரையின் கம்பி எங்கே செருகப்பட்டுள்ளது என்று பார்த்தல் வேண்டும்.

வந்தும் மொழி தெரியாத அட்டை

இந்நிலைக்குத் தீர்வு எளிது. அட்டையின் பண்புகளில் வன்பொருள் அடையாள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய இயக்கியைச் செய்த நிறுவனத்திடமிருந்தே பெற்று நிறுவுதல் போதும். பழைய அட்டையைக் கழற்றிப் புதியதை இட்டிருந்தால், பழைய இயக்கியை முழுதும் நீக்கிவிட்டே புதியதை நிறுவுதல் நன்று.

இயக்கியின் வயதும் கருதத்தக்கது. அட்டை வெளிவருமுன் எழுதப்பட்ட இயக்கிக்கு அதைத் தெரியாது. மிகப் புதிய இயக்கி பழைய அட்டையைக் கைவிட்டிருக்கவும் கூடும். என்விடியாவின் கெப்ளர் வகை அட்டைகளுக்கு 470ஆம் வரிசையே இறுதி இயக்கி வரிசை. 2021ஆம் ஆண்டில் அதற்குப் பின் வந்த வரிசைகள் அவற்றை ஏற்பதில்லை. 'ஏற்ற வன்பொருள் இல்லை' என்று நிறுவி கூறுவது எப்போதும் அட்டையின் குற்றமாகாது.

வராத அட்டை

ஆராய்ச்சி மிகுதியும் வேண்டப்படுவது இங்கேதான். கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, விசைப்பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

முதலாவது, அமர்வு. கனமான அட்டை தன் எடையாலேயே ஒரு முனையில் தாழ்ந்து, செருகுவாயின் தொடுமுனைகளை விட்டு விலகும். கழற்றி, பொன்பூசிய விளிம்பை ஐசோபுரப்பைல் ஆல்ககாலும் பஞ்சிழை உதிராத துணியும் கொண்டு துடைத்து, கடைசியிலுள்ள தாழ் 'டக்' என்று விழும் வரை நேராக அழுத்துக. இந்த ஒன்றாலேயே குணமான அட்டைகள் பல.

இரண்டாவது, மின்சாரம். செருகுவாய் தரவல்லது 75 வாட் மட்டுமே. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற 75 வாட் அட்டைக்கு அது போதும். ஆர்டிஎக்ஸ் 3060 அட்டைக்கோ 170 வாட் வேண்டும். எஞ்சியதை மின்வழங்கியிலிருந்து வரும் தனிக் கம்பி ஊட்டவேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட் வரையிலும், எட்டு முனைக் கம்பி 150 வாட் வரையிலும் தருவதற்கு வகுக்கப்பட்டவை. அக்கம்பி மறக்கப்பட்டாலும் பாதி செருகப்பட்டாலும் அட்டை ஒழுங்காக எழாது. விசிறி சுழல்வது கொண்டு அட்டை நலமாக உள்ளது என்று கொள்ளற்க. விசிறி நிற்பது கொண்டு அட்டை இறந்தது என்றும் கொள்ளற்க. வெப்பம் குறைந்த வேளையில் விசிறியை நிறுத்தி வைக்கும் அட்டைகள் பல உள.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. செயலிக்கான எட்டு முனைக் கம்பியும் அட்டைக்கான எட்டு முனைக் கம்பியும் தோற்றத்தில் ஒத்தவை. மின்னோட்டத்தின் அமைப்பில் எதிரானவை. செயலிக் கம்பி நான்கும் நான்குமாகப் பிரியும். அட்டைக் கம்பி ஆறும் இரண்டுமாகப் பிரியும். நுழையாத கம்பியை வலிந்து நுழைத்தல் ஆகாது. ஒரு மின்வழங்கியின் கழற்றக்கூடிய கம்பியை வேறொரு மின்வழங்கியில் மாட்டுதலும் ஆகாது. வாய் பொருந்தினும் உள்ளமைப்பு மாறியிருக்கும். நல்ல அட்டை அந்நொடியே எரிந்து போகும்.

மூன்றாவது, செருகுவாய். தாய்ப்பலகையின் நீண்ட வாய்கள் எல்லாம் ஒரே திறத்தன அல்ல; பலகையின் கையேட்டில் முதன்மை வாய் எது எனக் காணலாம். எம்.2 வகைச் சேமிப்பகம் ஒன்றை மாட்டினால் கீழ்வாய்களுள் ஒன்று செயலற்றுப் போகும் பலகைகளும் உண்டு.

நான்காவது, பயாஸின் அமைப்பு. ஏறத்தாழ 2012ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அட்டைகள் பலவற்றில் யுஇஎப்ஐ முறைக்குரிய கட்டளைகள் இல்லை. சிஎஸ்எம் என்னும் பழைய முறை அணைக்கப்பட்ட புதிய பலகையில் அவை தொடக்கத்தில் படம் தருவதில்லை. அட்டையை நீட்டிப்புக் கம்பி வழியாக இணைத்திருப்பின், அக்கம்பி புதிய வேகத்தைத் தாங்காமல் தொடர்பு அறுபடும். பயாஸில் வேகத்தை ஒரு தலைமுறை குறைத்தால் அட்டை தோன்றுவதுண்டு.

திரையில் ஒன்றும் தெரியாத வேளையில் பலகையின் சிறு விளக்குகள் வழிகாட்டும். விஜிஏ என்று குறித்த விளக்கு அணையாமல் நின்றால் தடை வரைகலைப் பகுதியில் உள்ளது என்க.

இரு மாற்றுச் சோதனைகள்

இவற்றால் தெளிவு பிறவாதபோது, ஐயத்துக்குரிய அட்டையை நன்கு இயங்கும் வேறொரு கணினியில் இட்டுப் பார்க்க. நல்லது என்று தெரிந்த வேறோர் அட்டையை இந்தக் கணினியில் இட்டுப் பார்க்க. முதற் சோதனையில் அட்டை தோற்று, இரண்டாவதில் கணினி வென்றால் குற்றம் அட்டையுடையது. அட்டை வென்று கணினி தோற்றால் குற்றம் பலகையிலோ மின்வழங்கியிலோ உள்ளது. இரண்டும் தோற்றால் பழுது இரண்டு. மின்வழங்கியே அட்டையைக் கெடுத்ததா என்று ஐயுறுதல் தகும்.

இரண்டும் வெல்வதும் உண்டு. அப்போது குற்றம் எந்த ஓர் உறுப்பிலும் இல்லை; அவை கூடிய கூட்டத்தில் உள்ளது. மின்சாரம் போதாமை, பயாஸ் பழமை, அமர்வின் தளர்ச்சி ஆகியவை அவ்வகையின. ஒரு சோதனை மட்டும் செய்து நிறுத்துவோர் இதனைக் காணமாட்டார். நல்ல பொருளைக் குப்பையில் இடுவர்.

இச்சோதனைகளுக்கு ஒரு நெறி உண்டு. ஒருகால் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். மாற்றியதையும் விளைந்ததையும் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிக் கணினி சரியானால், எது மருந்தாயிற்று என்பது தெரியாது. அடுத்த முறை அதே நோய் வரும்போது அறிவு பயன்படாது.

பொய்ப்பெயர் பூண்ட அட்டைகள்

பழைய பொருளாக வாங்கிய அட்டை சரியான இயக்கியையும் ஏற்க மறுக்குமாயின் வேறொன்றையும் கருதுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய அட்டையின் உட்கட்டளையைத் திருத்தி, 2016ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எனப் பெயரிட்டு விற்கும் வஞ்சகம் நெடுநாளாக உள்ளது. பெயரை மாற்றலாம், சில்லை மாற்ற இயலாது. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகள் பலவற்றை இனங்கண்டு அறிவிக்கிறது.

மருத்துவன் நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து தருவான். கணினியின் பழுதுக்கும் முறை அதுவே. அட்டை வந்ததா, மொழி புரிந்ததா, பணி செய்ததா என்னும் மூன்று வினாக்களை இவ்வரிசையில் கேட்கப் பழகிய மாணவன், கையில் திருப்புளி எடுக்குமுன்னரே பாதிப் பழுதைத் தீர்த்துவிடுவான். விலை கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றைக் கெட்டது என்று தீர்ப்புக் கூறுமுன், அதற்குரிய வினாக்கள் எல்லாம் கேட்கப்பட்டனவா என்று பார்ப்பது வீட்டின் சிக்கனத்துக்கும் நல்லது. அறிவின் ஒழுங்குக்கும் நல்லது.