பிணமில்லாச் சேமக்காலை

‘த குட், த பாட் அன்ட் த அக்லி’ என்னும் கௌபோய்ப் படத்தை நாம் கண்டு களித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. 1966இல் வெளிவந்த அதனை நெறிப்படுத்தியவர் இத்தாலியரான சேர்ஜியோ லியோனே. கதை நிகழ்வது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில். படம் பிடிக்கப்பட்டதோ பெரும்பாலும் ஸ்பெயின் தேசத்தில். மூவரும் பொன்னுக்காக எதிரெதிர் நிற்கும் இறுதிக் காட்சிக்கென, புர்கோஸ் மாகாணத்தில் ஸ்பானியப் போர்வீரர் 5000க்கு மேற்பட்ட போலிப் புதைகுழிகளை வட்டம் வட்டமாக அமைத்துக் கொடுத்தனர். படப்பிடிப்பு முடிந்தது, காலப்போக்கிற் புல்லும் மண்ணும் அவ்விடத்தை மூடின.

2015இல் அப்படத்தின் அன்பர்கள் மண்வெட்டி ஏந்திச் சென்று, நடுவட்டத்தின் கற்றளத்தை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர். சிலுவைகளையும் மீள நாட்டினர். எவருமே புதைக்கப்படாத அந்நிலத்தில் அவர்கள் தேடியது யாது? படத்தில் வருவோர் பொன்னைத் தேடினர். இவர்களோ தம் இளமையைத் தேடினர் என்க.