படுத்தால் கூடும் நெஞ்சுவலி: இதய உறையைத் தாக்கும் பூஞ்சை

சந்தவாசல், ஆரணிப் பக்கம் தறியில் உட்காருபவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், "நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்ததால் வந்த பிடிப்பு" என்று மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஒரு வகை வலி, முன்சாய்ந்து உட்கார்ந்தால் தணியும். இரவில் படுத்தால் கூடும். மூச்சை இழுத்தால் குத்தும். இது இதய உறை அழற்சியின் அடையாளமாக இருக்கலாம்.

இதயத்தை ஈரடுக்குப் பை ஒன்று போர்த்தியிருக்கிறது. இதயம் உராயாமல் துடிப்பதற்கு அடுக்குகளுக்கு நடுவே சிறிதளவு நீர் உண்டு. அழற்சியால் இந்நீர் வேகமாகப் பெருகினால் இதயம் விரிய இடமின்றி உயிருக்கே ஆபத்தாகும். 1162-இல் மறைந்த ஸ்பெயின் மருத்துவர் இப்னு ஸுஹ்ர், இந்நோயை ஆரம்பகாலத்திலேயே எழுதி வைத்தவர்களுள் ஒருவர்.

நம் நாட்டில் இவ்வாறு நீர் கோப்பதற்கு முக்கியக் காரணம் காசநோய். வைரஸ், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் ஆகியவற்றாலும் வரும். பூஞ்சையால் வருவது அரிது. வௌவால், பறவை எச்சம் கலந்த மண்தூசியைச் சுவாசிப்பதால் 'ஹிஸ்டோபிளாஸ்மா' என்னும் பூஞ்சை நுரையீரலுக்குள் போகிறது. சிலருக்கு அதன் விளைவாக இதய உறையும் பாதிக்கப்படுகிறது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையும் 'கேண்டிடா' தாக்கலாம்; சிகிச்சை தராவிட்டால் பிழைப்பது கடினம்.

எக்கோ பரிசோதனை நீர் இருப்பதைக் காட்டும். எந்தக் கிருமி என்று சொல்லாது. தேவையானபோது ஊசி மூலம் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். காசநோய் மருந்து பூஞ்சையைக் கொல்லாது. காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் வலி அடங்கியதுபோல் தெரியும். உள்ளே பூஞ்சை பரவும். 2021-இல் கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை பரவியபோது, கட்டுப்படாத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் சேர்ந்து செய்த சேதத்தைத் தமிழகம் பார்த்தது. அந்த ஆண்டு மே மாதம் அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது.

ஆகவே, காசநோய் சிகிச்சையிலும் உறையில் நீர் குறையவில்லை என்றால், "பூஞ்சைக்கும் சோதித்தீர்களா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். சர்க்கரை நோய், முன்பு செய்த அறுவை சிகிச்சை, சாப்பிட்ட மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள். மூச்சிரைப்பு, கால் வீக்கம், மயக்கம் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.