அணுமின் நிலையத்திற்கு உரிமம் அளிப்போர் ஆயத்தமா?

நம் தோட்டப்புறங்களை அடுத்துள்ள செம்பனை ஆலைகளில் நீராவிக் கொதிகலன் இருப்பதை நாம் அறிவோம். அதனைச் செய்து விற்றவர், "இது பாதுகாப்பானது" என்று கூறினால் போதாது. வாங்கிய நிர்வாகம் கூறினாலும் போதாது. உரிய அதிகாரம் பெற்ற பரிசோதகர் வந்து பார்த்து, தகுதிச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். ஏனெனில், கொதிகலன் வெடித்தால் உயிரிழப்பவர் அதன் அருகே நின்று வேலை செய்பவரே அன்றோ?

அணுமின் நிலையங்களுக்கும் இதே நெறி உரியது. ஆயினும், பரிசோதகர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதிய கொதிகலன் எதற்கும் அனுமதி அளித்ததே இல்லை எனில், அவர் அப்பணிக்கு ஆயத்தமாக இருப்பாரா? அமெரிக்க நாட்டில் எழுந்த இக்கேள்வியை நாம் இங்கு ஆராய்வோம்.

அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது பெரும் வெப்பம் தோன்றுகிறது. அவ்வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. அணுப்பிளவை நிறுத்திய பின்னரும் உலையின் வெப்பம் உடனே தணிவதில்லை. ஆதலின், நீர் இடைவிடாது குளிர்வித்துக் கொண்டிருத்தல் வேண்டும். 1979 மார்ச் 28-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் ஓர் அடைப்பிதழ் மூடாது நின்றது. நீர் வெளியேறியதைப் பணியாளர் உணராததால் உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. கதிர்வீச்சைக் கண்ணால் காணவோ மூக்கால் நுகரவோ இயலாது. எனவே, பொதுமக்களின் பொருட்டு விழித்திருக்க ஒருவர் தேவை.

தொடக்கத்தில் அமெரிக்காவில் அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையத்தின் பொறுப்பாக இருந்தன. ஊக்குவிப்பவரே குற்றங்காண்பது எங்ஙனம்? இக்குறையை நீக்க 1974-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1975 ஜனவரியில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தனித்து இயங்கத் தொடங்கிற்று.

1978-க்குப் பின்னர், நீண்ட காலம் புதிய அணுமின் நிலையம் எதனையும் கட்ட அனுமதி வழங்கப்படவில்லை. ஆணையத்தின் கவனம் இயங்கி வந்த நிலையங்களின் மீதே சென்றது. பின்னர், 2005-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய நிலையங்களுக்குச் சலுகைகள் அளித்தபோது, மின்சார நிறுவனங்கள் விண்ணப்பிக்க முன்வந்தன. அவற்றை ஆராய ஆணையம் 2006-இல் தனிப் பிரிவொன்றை அமைத்து, புதிய பொறியியலாளரைச் சேர்த்துப் பயிற்சி அளித்தது.

உரிமம் வழங்கும் முறையும் மாறியிருந்தது. முன்னர், கட்டுவதற்கு ஓர் அனுமதி, இயக்குவதற்கு மற்றோர் உரிமம் என இரு படிகள் இருந்தன. நியூயார்க் மாநிலத்தின் ஷோர்ஹாம் நிலையம் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. எனினும், விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றுவது எப்படி என்ற வழக்கு ஓயாததால், வணிக முறையில் ஒரு நாளும் இயங்காமலே மூடப்பட்டது. 1989-இல் வகுக்கப்பட்ட புதிய விதிகளின்படி, இடமும் வடிவமைப்பும் முன்கூட்டியே ஆராயப்படலாம். கட்டவும் இயக்கவும் சேர்த்து ஒரே உரிமம் வழங்கப்படலாம். ஆயினும், கட்டிய பொருள் ஒப்புக்கொண்டபடியே அமைந்துள்ளது என்பதைச் சோதனைகளால் மெய்ப்பித்த பின்னரே எரிபொருள் இடுதல் இயலும்.

இம்முறைக்குச் சோதனையாக அமைந்தது ஜார்ஜியா மாநிலத்தின் வோகல் நிலையம். 2008-இல் அளிக்கப்பட்ட விண்ணப்பத்திற்கு உரிமம் வழங்க 2012 பிப்ரவரி 9-ஆம் நாள் ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஆணையர் நால்வர் ஆதரித்தனர். தலைவர் கிரெகரி யாஸ்கோ ஒருவரே எதிர்த்தார். 2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த விபத்து தந்த படிப்பினைகள் உரிமத்தில் கட்டாய நிபந்தனையாக இடம்பெறல் வேண்டும் என்பது அவர் வாதம். மாறுபட்ட கருத்து வெளிப்படையாகப் பதிவானதை நாம் குறையாகக் கருதலாகாது. தலைவரே தயக்கமின்றி மறுத்துரைக்க இயலும் சபையே சுதந்திரமான சபையாகும்.

உரிமம் கிடைத்தமையால் மட்டும் மின்சாரம் வந்துவிடவில்லை. கட்டுமானச் சிக்கல்களால் காலமும் செலவும் பெருகின. வோகலின் இரு புதிய உலைகள் முறையே 2023-இலும் 2024-இலும்தான் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. தென் கரோலினாவில் 2012-இலேயே உரிமம் பெற்ற வேறு இரு உலைகளின் கட்டுமானம் 2017-இல் கைவிடப்பட்டது. பரிசோதகர் ஆயத்தமாக இருப்பது இன்றியமையாதது. ஆனால் கட்டுபவரும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இன்று, ஆணையம் விரைந்து செயற்பட வேண்டும் என்ற குரல் அந்நாட்டில் வலுத்துள்ளது. 2024-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. காரணமற்ற தாமதம் மின்கட்டணமாக மக்கள் தலையிலேயே விழுவதால், அக்குரலிலும் நியாயம் உண்டு. ஆயின், தேவையற்ற தாளைக் குறைப்பது வேறு. தேவையான சோதனையைக் குறைப்பது வேறு.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. பாங்கியில் 1982 முதல் இயங்கும் சிறிய அணு உலை, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரியது. 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிம வாரியமும் அமைக்கப்பட்டது. அணுமின்சாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "எவ்வளவு செலவு? எவ்வளவு மின்சாரம்?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. "பரிசோதிப்பவர் யார்? அவருக்கு அறிவும், ஆளும், 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவும் உண்டா?" என்றும் கேட்டறிதல் வேண்டும். கொதிகலனுக்கு அருகில் நிற்பவருக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை என்றும் உண்டு.